மே மாதம் ஆர்லாண்டோ: அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கூட வருகிறார்கள், எப்படித் திட்டமிடுவது?

தண்டையார்பேட்டை அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மே மாதம் குடும்பத்தோடு அமெரிக்கா போய் ஆர்லாண்டோ டிஸ்னி பார்க்கலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன், அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி. காசிமேடு மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வரும் தூரம் நடப்பார், அதற்கு மேல் என்றால் உட்கார இடம் தேடுவார். ஆனால் அவரை விட்டுவிட்டுப் போகிற பேச்சே கிடையாது, பேரப்பிள்ளைகளோடு போக வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருக்கிறார்.

பாரிமுனைப் பக்கம் ஒரு ஏஜென்ட் 10 நாள் பேக்கேஜ் காட்டினார். நியூயார்க், நயாகரா, ஆர்லாண்டோவில் 2 நாள், கடைசியில் மயாமி. அவ்வளவு தூரம் செலவு செய்து போகிறோமே, எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று மனைவி சொல்கிறார். எனக்கு என்னவோ பாதி நாள் ஏர்போர்ட்டிலேயே போய்விடும் என்று தோன்றுகிறது. மகளுக்கு ராக்கெட் என்றால் உயிர், சின்னவனுக்கு மிக்கியைப் பார்த்தால் போதும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், ஆர்லாண்டோ மட்டும் போதுமா? மே மாத வெயில் எப்படி இருக்கும்?

பெரம்பூர் பிரியா:

அண்ணா, உங்கள் கணக்குதான் சரி. ஆர்லாண்டோவில் 2 நாள் என்பது வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது போல. டிஸ்னி வேர்ல்ட் ஒரே பூங்கா இல்லை, மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு, ஒவ்வொன்றுக்கும் முழு நாள் வேண்டும். அதற்கு வெளியே யுனிவர்சல் என்கிற வேறு கம்பெனியின் பூங்காக்கள் தனி, அவர்களே 2025 மே மாதம் எபிக் யூனிவர்ஸ் என்று இன்னொரு பெரிய பூங்காவும் திறந்துவிட்டார்கள். இதில் நியூயார்க்கையும் நயாகராவையும் சேர்த்தால் அம்மாவின் முட்டி தாங்காது. 10 நாளையும் ஆர்லாண்டோவிலேயே வையுங்கள், அதிலும் ஒரு நாள் பூங்கா, ஒரு நாள் ஓய்வு என்று.

மே மாதம் நல்ல தேர்வு. நம் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருக்கும், ஆனால் அங்கே பள்ளிகள் மே கடைசி வரை நடக்கும். மே கடைசி திங்கள் அவர்களுக்கு மெமோரியல் டே விடுமுறை, அதிலிருந்து கூட்டம் ஏறிவிடும். அதனால் முதல் மூன்று வாரத்துக்குள் போய்விட்டு வாருங்கள். வெயில் 30, 32 டிகிரி இருக்கும், நம் ஊர் அக்னி நட்சத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு அது பெரிதில்லை.

சின்னவனுக்கு மேஜிக் கிங்டம்தான், அதற்கு 2 நாள் கொடுங்கள். அங்கே பெரும்பாலான ரைடுகளுக்கு உயரக் கட்டுப்பாடு இல்லை. இருக்கிற ரைடுகளில் கறார். வரிசைக்கு முன்னால் ஊழியர் அளவுகோலோடு நிற்பார், குழந்தையின் தலை கோட்டைத் தொடவில்லை என்றால் அழுது புரண்டாலும் விட மாட்டார்கள். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ., செவன் டுவார்ஃப்ஸ் ரயிலுக்கு 97 செ.மீ. வீட்டுச் சுவரில் அவன் உயரத்தை இப்போதே குறித்துப் பாருங்கள். மகளுக்கு மட்டும் அனுமதி கிடைக்கிற ரைடுகளில் ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள். நீங்கள் மகளோடு போய் வரும்வரை மனைவி சின்னவனோடு வெளியே இருப்பார், அப்புறம் அவர் முழு வரிசையிலும் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

இன்னொன்று, மேஜிக் கிங்டமில் காரை நிறுத்துகிற இடம் பூங்கா வாசலே இல்லை. அங்கிருந்து ஏரியைத் தாண்ட மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் நேரம் பிடிக்கும். பூங்கா திறப்பது 9 மணி என்றால் நீங்கள் 8 மணிக்கே பார்க்கிங்கில் இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு வீல்சேர் பூங்கா வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும், தயங்காமல் எடுங்கள். ஏர்போர்ட் வீல்சேரை டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். வீல்சேர் இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பெரும்பாலான வரிசைகளில் வீல்சேரோடு எல்லோரையும் போலத்தான் போக வேண்டும்.

திருவொற்றியூர் தேரடி:

நான் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 4 வயதுப் பையன், முட்டி வலி அம்மா, இவர்களை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார வேண்டுமா? சிங்கப்பூர் 4 மணி நேரம். செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் இருக்கிறது, தமிழ் அங்கே ஆட்சி மொழி, லிட்டில் இந்தியாவில் இட்லி தோசை. அம்மாவுக்கு அந்நியமாகவே தெரியாது. பிள்ளைகள் இன்னும் வளர்ந்ததும் அமெரிக்கா போகலாமே.

ராயபுரத்துக்காரன், இப்போது டாம்பா:

தேரடி அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, பயணம் நீளம்தான். சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. எமிரேட்ஸில் துபாய் மாறினால் அங்கிருந்து ஆர்லாண்டோவுக்கே நேராக வரலாம், ஆனால் அந்த ஒரு பயணமே சுமார் 16 மணி நேரம். அம்மாவை அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் மகளுக்கு ராக்கெட் பிடிக்கும் என்கிறீர்களே, அதற்காகவே வரலாம். ஆர்லாண்டோவிலிருந்து காரில் ஒரு மணி நேரம், கென்னடி ஸ்பேஸ் சென்டர். விண்வெளிக்கு 33 தடவை போய் வந்த அட்லாண்டிஸ் விண்கலம் அங்கே இருக்கிறது. மாதிரி இல்லை, அதேதான். கொஞ்சம் சாய்த்து, சரக்குக் கதவுகளைத் திறந்து நிறுத்தியிருக்கிறார்கள், அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் கறுப்பு ஓடுகளில் தீய்ந்த தழும்பு கூடத் தெரியும். அந்த வயதுப் பிள்ளை அதன் முன்னால் நிற்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

மே மாதத்தைத் தள்ளிப் போடாதீர்கள். ஜூன் வந்தால் மத்தியானம் ஆனதும் இடி மின்னல், மின்னல் பக்கத்தில் வந்தால் வெளியில் இருக்கிற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். புயல் காலமும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை.

ஹோட்டலுக்குப் பதில் ஆர்லாண்டோவை ஒட்டிய கிஸ்ஸிமியில் சமையலறை உள்ள வாடகை வீடு எடுங்கள். பூங்காவுக்குள் சாப்பாடு கொண்டுபோக டிஸ்னி விடுகிறது, கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. புளி சாதம் கட்டிக்கொண்டு போனால் அம்மாவுக்கும் நிம்மதி. பருப்புப் பொடி, ஊறுகாய் எடுத்து வரலாம், இறங்கியதும் சுங்கத்தில் உணவு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டவே வேண்டாம். இங்கே புளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்த நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும், கண்டால் பிடுங்கிக்கொள்வார்கள்.

தண்டையார்பேட்டை அப்பா:

பிரியா, டாம்பா தம்பி, ரொம்ப நன்றி. தேரடி அண்ணா சொன்னதை அம்மாவிடமே கேட்டேன், "சிங்கப்பூர் பக்கத்துலதான இருக்கு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். ஆகவே ஆர்லாண்டோ மட்டும், மயாமி கிடையாது. ஏஜென்ட் டிக்கெட்டுக்கு இப்போதே பணம் கட்டச் சொல்கிறார், கட்டலாமா?

பெரம்பூர் பிரியா:

கட்டாதீர்கள் அண்ணா. முதலில் விசா. ஆளுக்கு 185 டாலர் கட்டணம், விசா மறுத்தாலும் திரும்பி வராது, டிக்கெட் பணமும் அதோடு மாட்டக்கூடாது. நேர்காணலுக்குக் காத்திருக்கும் நாள் கூடிக் குறையும், இந்த வாரமே படிவத்தை நிரப்பி ஜெமினி பக்கம் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தேதி பிடியுங்கள். அம்மா தமிழிலேயே பதில் சொல்லலாம், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். விசா கையில் வந்த பிறகு விமானம், வீடு, கடைசியில் பூங்கா டிக்கெட். மகளுக்கு 10 வயது ஆகப்போகிறதா என்று பாருங்கள், டிஸ்னியில் 3 முதல் 9 வரைதான் குழந்தை டிக்கெட்.