'காட் ரெஸ்ட் யூ மெர்ரி' பாடலில் காற்புள்ளி எங்கே?

கேள்வி – ஆல்டோ வரிசை:
கேரல் (கிறிஸ்துமஸ் பாடல்) ஆராதனைக்கு 'காட் ரெஸ்ட் யூ மெர்ரி ஜென்டில்மென்' எடுத்திருக்கிறோம். ஒரு தாளில் 'மெர்ரி'க்கு முன்னால் காற்புள்ளி, இன்னொன்றில் பின்னால். ஒன்றில் 'யூ', மற்றதில் 'யீ'. எது சரி? மூச்சு எங்கே எடுப்பது?

பதில் – பழஞ்சொல்:
'மெர்ரி'க்குப் பின்னால்தான். இங்கே 'ரெஸ்ட்' என்றால் ஓய்வு அல்ல, ஒருவரை ஒரு நிலையில் வைத்திருப்பது. 'ஐயாமாரே, கடவுள் உங்களை மகிழ்ச்சியாகவே வைத்திருக்கட்டும்' என்பதுதான் பொருள். காற்புள்ளி முன்னால் போனால் 'மகிழ்ச்சியான ஐயாமாரே, ஓய்வெடுங்கள்' என்று வாழ்த்தே கெட்டுவிடும். 'ரெஸ்ட் யூ மெர்ரி' அந்தக் காலத்து வாழ்த்துத்தொடர். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்'டிலும் இருக்கிறது. 1843இல் நாவலாசிரியர் டிக்கன்ஸ் இந்த வரியை எடுத்தாளும்போது 'ரெஸ்ட்' போய் 'பிளெஸ்' (ஆசீர்வதி) வந்துவிட்டது. பழைய பொருள் அதற்குள் மங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

'யீ' என்பது 'நீங்கள்', 'யூ' என்பது 'உங்களை': முற்கால ஆங்கில இலக்கணம் இப்படித்தான். இங்கே தேவை 'உங்களை', ஆகவே 'யூ'. பழமையாகத் தெரியட்டும் என்று பின்னால் நுழைந்தது 'யீ'. அடுத்த வரி 'லெட் நத்திங் யூ டிஸ்மே'யிலும் அதே 'யூ'தான், வினைக்கு முன்னால் நிற்கிறது: 'எதுவும் உங்களைக் கலங்கடிக்க வேண்டாம்'. நம் சொல்வரிசையே!

பதில் – தாளக்கட்டு:
காற்புள்ளியில் நிறுத்தாதீர்கள். 4/4 தாளத்தில் 'காட்' எடுப்பு, அதாவது முதல் கட்டத்துக்கு முன்னால் வரும் அடி. 'ரெஸ்ட் யூ மெர்-ரி' நான்கு அடி, ஒரு கட்டம். 'ஜென்' அடுத்த கட்டத்தின் முதல் அடி. காற்புள்ளி சரியாகக் கட்டத்தின் எல்லையில் விழுகிறது, ஆனால் இடைவெளி கிடையாது. 'ரி'யைச் சற்றே சுருக்கி 'ஜென்'னைத் தெளிவாகத் தொடங்கினால் போதும், பொருள் கேட்கும்.

'மென்'னுக்குப் பிறகும் இடைவெளி இல்லை, 'லெட்' உடனே வருகிறது. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் 'டிஸ்மே' வரை ஏழெட்டு நொடிதான், ஒரே மூச்சில் போகலாம். மூச்சை 'மே'யின் மூன்றாவது அடியில் எடுங்கள். வேகம் குறைந்தால் ஒரே இடத்தில் எல்லோரும் மூச்சு வாங்கி வரி துண்டாகும். அப்போது பக்கத்தில் நிற்பவர்கள் மாறி மாறி எடுக்க வேண்டும்.

பெரும்பாலும் தவறு நடப்பது 'லெட்'டில். மெட்டு நடபைரவி ராகத்தின் சுரங்களில் அமைந்தது: ச ச ப ப ம க ரி ச, பிறகு 'லெட்'டுக்குக் கீழ் நி. அந்த நி கைசிகி (தாழ்ந்த நி). பழக்கத்தில் காகலியாக (உயர்ந்த நி) உயர்த்திவிட்டால் பியானோவோடு உரசும்.

ஆல்டோ வரிசை:
மிக்க நன்றி. சொல் இப்படி மாறிய வேறு கேரல் உண்டா?

பழஞ்சொல்:
'ஹார்க் தி ஹெரால்ட்'. 1739இல் சார்லஸ் வெஸ்லி எழுதிய முதல் வரி 'ஹார்க், ஹவ் ஆல் தி வெல்கின் ரிங்ஸ்'. 'வெல்கின்' என்றால் வானம். 1753இல் போதகர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் அதை எடுத்துவிட்டு, வானதூதர்கள் பாடுவதாக மாற்றினார். இன்றைய மெட்டு இசையமைப்பாளர் மெண்டல்சோனுடையது. 1840இல் அச்சுக்கலை விழாவுக்கு அமைத்தது. இந்தப் பாட்டோடு அதைச் சேர்த்தவர் வில்லியம் கம்மிங்ஸ், 1855இல்.