நூலகம் பிழைப்புக்கு உதவியதைக் கண்டவர்கள் எழுதுங்கள் (திருகோணமலை)

உவர்மலையான்
2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியதே, அதற்குக் கொஞ்ச நாளைக்குப் பிறகு நடந்தது. நகரில் ஒரு நூலகத்தில் கிண்ணியா நானா ஒருவர் போட் என்ஜின் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தையும் அகராதியையும் விரித்து வைத்து, காபரேட்டர் படத்தைப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டிருந்தார். நகத்துக்குள் கிரீஸ். "எண்ணெய் குறையக் குடிக்கிற மாதிரி செய்து குடுத்தா போட்காரர் எல்லாம் என்னட்டத்தான் வருவாங்க தம்பி" என்றார். இரவல் கேட்டால், நூலகத்தை நடத்துகிற உள்ளூராட்சி சபையின் எல்லைக்குள் இருப்பவர்களுக்குத்தான் அங்கத்துவமாம். பாதிப் படத்தோடு எழுந்து போனார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்து எத்தனை வருடம், புத்தகத்துக்கு மட்டும் இன்னும் அக்கரை இக்கரையா?

நிலாவெளி73
போனில் படம் எடுத்திருக்கலாமே அண்ணா. இப்போது எல்லாம் போனில் இருக்கிறது, நூலகத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். என் மச்சாள் உல்லாசப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறாள், சிங்களமும் ஆங்கிலமும் போனிலேயே படித்தாள். அறை விடுகிற யாராவது இதை வாசித்தால் சொல்கிறேன்: மே மாதம் சீசன் தொடங்கும் முன்பே பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவை விசாரியுங்கள், வங்கியில் முதலில் கேட்பது அதைத்தான். வரவு செலவைக் கொப்பியில் எழுதுங்கள். செப்டம்பரில் சீசன் முடிந்தபின் கையில் என்ன மிஞ்சியது என்று அப்போதுதான் தெரியும்.

மூதூர்ப் பிள்ளை
எல்லாம் போனில் என்று சொல்கிறவர்கள் அரச வேலை அறிவித்தல்கள் வருகிற வெள்ளிக்கிழமை வர்த்தமானியைச் சின்னத் திரையில் வாசித்துப் பாருங்கள். டேட்டா போட்டால்தானே அதுவும். எங்கள் நூலகத்தில் கைக்குழந்தையோடு ஒரு அக்கா வேலை வெற்றிடங்களை விரல் வைத்து வாசித்தார், தகைமை எல்லாம் சரி, விரல் கடைசி வரிக்கு வந்தது: விண்ணப்ப முடிவுத் திகதி முந்தின நாள். வர்த்தமானி அங்கே பிந்தித்தான் வந்திருந்தது. "பரவாயில்லை தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார், நான் ஒன்றும் கேட்கவேயில்லை. அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

உப்புவெளி ரீச்சர்
நிலாவெளி தம்பி, அந்த அக்காவுக்கு உங்கள் போன் என்ன செய்யும்? நூலகம் ஒரு பிரதியை அச்செடுத்துப் பலகையில் ஒட்டினாலே போதும், வர்த்தமானி இணையத்தில் இலவசம்தான். உவர்மலையான், நானா எங்கள் பக்கம் வேலை செய்தால் வேலைத்தள முகவரியை வைத்து அங்கத்துவம் கேட்கச் சொல்லுங்கள், சில சபைகள் சேர்க்கும். பிணை வைக்க சபைக்கு வரிப்பணம் கட்டுகிற ஒருவரின் கையெழுத்துக் கேட்பார்கள், படகுக்காரர் யாராவது போடுவார். அதுவும் சரிவராவிட்டால் சபைத் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னால் அன்றோடு போய்விடும். கடிதத்தில் தொழில் தொழிலாக எழுதுங்கள்: என்ஜின் திருத்துகிறவர், தையல்காரி, அறை விடுகிறவர், இவர்களுக்கு இந்தந்தப் புத்தகம் வேண்டும் என்று. பொது நூலகத்தை நடத்துவது சபைதான், புத்தகம் வாங்குவதும் சபைக் காசுதான். புதுப் புத்தகப் பட்டியல் போடும் முன் கொடுத்துவிட வேண்டும்.