‘லீசன்’ என்பதற்குத் ‘திட்டு’ பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஸ்கேன் அறிக்கைகளில் அடிக்கடி வரும் ‘லீசன்’ (lesion) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடான தமிழ்ச்சொல்லாக, சென்ற வாரம் தொடங்கிய இந்த இழையில் புண், காயம், சிதைவு, நைவு, ஊறு என ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. ஆறாவதாக ஒன்றை முன்வைக்க விரும்புகிறேன். அதற்கு முன் இச்சொல் எங்கே தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தஞ்சை மாவட்டத்தில் முப்பது ஆண்டுகள் ஸ்கேன் அறையில் படம் எடுத்தே ஓய்வு பெற்றவன் என்பதால், அந்த இடம் எனக்கு நன்கு பழகிய இடம்.

அது அறைக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சு. அறிக்கை கைக்கு வந்ததும் நோயாளியுடன் வந்தவர் உறையைப் பிரிப்பார், எழுத்துக் கூட்டி ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பார், “லீசன்னு போட்டிருக்கே, கட்டியாங்க?” என்று என்னிடம் கேட்பார். படம் எடுப்பவன் முடிவு சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் கட்டுப்பாடு. “டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று மட்டும் சொல்வேன். நான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் புரிந்துகொண்டதாக நினைத்து அவர் முகம் வெளிறிப் போகும். உண்மையில் அறிக்கை எழுதிய மருத்துவர் அச்சொல்லால் சொன்னது மிகக் குறைவு. இந்த இடத்தில் திசு சுற்றியுள்ள திசுவைப் போல் இல்லை என்பதே அவர் சொன்னது. அது கட்டியா, சீழா, இரத்தக்கட்டா, பழைய அடியின் தழும்பா என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை. நமக்கு வேண்டியது அந்தத் தயக்கத்தையும் சேர்த்துச் சொல்லும் சொல்.

தயக்கம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வரப்பு ரோட்டில் வண்டியோடு விழுந்த பெரியவர் ஒருவரைத் தூக்கி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு சி.டி. எடுக்கிறோம். உறைந்த புதிய இரத்தம் மூளைத் திசுவைவிடக் கதிரை அதிகம் தடுப்பதால் படத்தில் வெளுப்பாகத் தெரியும். கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை எண்ணால் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் நீர் 0, காற்று −1000, மூளைத் திசு ஏறத்தாழ 20 முதல் 40 வரை, புதிய இரத்தக்கட்டு 50 முதல் 80 வரை என்பது நாங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு. மண்டையோட்டுக்கும் மூளையின் தடித்த வெளியுறைக்கும் இடையே தேங்கிய இரத்தம் குவிவில்லை போல் இருக்கும். அவ்வுறைக்குக் கீழே பரவினால் பிறை போல் வளையும். இவ்வடிவங்களைக் கண்டால் தயங்க வேண்டியதில்லை. இரத்தக்கட்டு என்றே எழுதலாம். ஆனால் மூளையின் உள்ளேயே ஓரிடத்தில் இரத்தம் இருந்தால் கேள்வி திசை மாறுகிறது. விழுந்ததால் இரத்தம் கசிந்ததா, அல்லது அங்கே முன்பே இருந்த புற்றுக்கட்டியில் இரத்தம் கசிந்து, அதனால் வலிப்பு வந்து அவர் விழுந்தாரா? முதல் நாள் படம் இதற்கு விடை சொல்லாமல் போகலாம். இரத்தம் கரைந்த பின், படத்தில் வேறுபாட்டை எடுத்துக்காட்டும் மருந்தை நரம்பில் ஏற்றி மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதுவரை அந்த இடத்தை எந்தப் பெயரால் அழைப்பது? ‘காயம்’ என்றால் கட்டியை மறைத்துவிடுகிறோம். ‘கட்டி’ என்றால் குடும்பத்தையே நிலைகுலைய வைக்கிறோம்.

பெயர் முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. வலிப்போடு வருபவரின் மூளைப் படத்தில், மருந்து ஏற்றிய பின் சிறு வளையம் போல் ஒளிரும் ஓர் இடம் தென்படுவது இந்தியாவில் அடிக்கடி நிகழ்வது. ஒரு காலத்தில் இவற்றில் பலவற்றைக் காசநோய்க் கட்டி என்றே கொண்டு, அதற்கான மருந்துகளை மாதக்கணக்கில் கொடுத்தார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் அந்தத் திசுவை எடுத்து ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி மடிந்த இடங்கள் என்று தெரிந்தது. பல தாமாகவே மறைந்தும் போயின. படம் காட்டியது ஒரு வளையத்தை மட்டும். காசநோய் என்பது நாம் ஏற்றிய பெயர்.

இனி, வந்த சொற்களைப் பார்ப்போம். ‘புண்’ மேற்பரப்பில் திறந்து கிடப்பது. கல்லீரலின் நடுவே மூடிக் கிடக்கும் ஒன்றைப் புண் என்றால் கேட்பவர் வயிற்றுப்புண்ணைத்தான் நினைப்பார். ‘காயம்’ காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. உடலுக்கே காயம் என்றொரு பெயர் இருப்பது வேறு. ‘சிதைவு’ கட்டிக்கு முரண், ஏனெனில் கட்டி என்பது வளர்ச்சி. ‘நைவு’ நல்ல சொல்தான், ஆனால் நைந்துபோனது என்ற தீர்ப்பு அதிலும் இருக்கிறது. ‘ஊறு’ பற்றி மட்டும் சற்று நின்று யோசித்தேன். “சுவைஒளி ஊறுஓசை நாற்றம்” என்னும் குறளில் அது தொடு உணர்வு. “ஊறொரால்” என்னும் குறளில் இடையூறு. எங்கள் பக்கத்து வழக்கில் ஊறுவது என்றால் நீர் கசிவது. மூளையில் கட்டியைச் சுற்றி நீர் கோத்து வீங்குவதையும் அதே அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும்போது, ‘ஊறு’ என்பதைப் படிப்பவர் எதை என்று கொள்வார்?

நான் முன்வைக்கும் சொல் ‘திட்டு’. கழனியிலிருந்துதான் எடுத்தேன். சம்பாப் பயிர் பச்சையாக நிற்கும்போது நடுவே வட்டமாக ஓரிடம் காய்ந்து தெரிந்தால், வரப்பில் நிற்பவர் “திட்டுத் திட்டா அடிச்சிருக்கு” என்பார். அது புகையானா, உவரா, துத்தநாகக் குறைவா என்பது அப்போது அவருக்கும் தெரியாது. இறங்கித் தூரைப் பிரித்துப் பார்த்த பிறகே பெயர் சொல்வார். புகையான் பூச்சி தண்ணீர் மட்டத்தை ஒட்டித் தூரடியில் இருப்பதால், வரப்பிலிருந்து அது கண்ணில் படவே படாது. வரப்பில் நிற்பவரின் நிலைதான் அறிக்கை எழுதும் கதிரியல் மருத்துவரின் நிலையும். தூரைப் பிரிப்பது திசுப் பரிசோதனை.

ஆங்கிலத்தில் இரு நிலைக்கும் ஒரே சொல் இருப்பதால் நாமும் ஒன்றையே தேட வேண்டியதில்லை. படத்தில் கண்டது திட்டு. திசு ஆய்வாளர் உறுதி செய்தது நைவு. கூட்டுச்சொற்களும் எளிதில் அமைகின்றன: இடத்தை அடைத்துப் பக்கத்துத் திசுவை நெருக்குவது இடங்கொள் திட்டு, வளையமாக ஒளிர்வது வளையமிளிர் திட்டு, வெளுப்பாகத் தெரிவது வெண்திட்டு, கறுப்பாகத் தெரிவது கருந்திட்டு.

1971 அக்டோபர் 1 அன்று லண்டன் மருத்துவமனை ஒன்றில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்று ஐயுறப்பட்ட பெண் அவர். அந்தப் படத்தில் வந்ததும் ஒரு கறுத்த வட்டம்தான். கத்தி பட்ட பிறகே அது நீர் நிறைந்த கட்டி என்று உறுதியானது. குழுவினர் குறை சொல்ல வேண்டுகிறேன்.

கும்பகோணத்திலிருந்து,
ஓய்வுபெற்ற பட நுட்புநர்

---

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருவாரூரிலிருந்து எழுதுகிறேன், நீங்கள் வரப்பில் நிறுத்திய அந்தக் கதிரியல் மருத்துவர் கூட்டத்தில் நானும் ஒருத்தி. சொல் பிடித்திருக்கிறது, ஆயினும் சில தடைகள் உண்டு.

முதலாவது, ‘வெண்திட்டு’, ‘கருந்திட்டு’ இரண்டையும் தயவுசெய்து கைவிடுங்கள். சி.டி.யில் வெளுப்பு என்றால் இரத்தமோ சுண்ணமோ எலும்போ, எம்.ஆர்.ஐ.யின் ஒரு வகைப் படத்தில் வெளுப்பு என்றால் நீர். அல்ட்ராசவுண்டில் வெளுப்பு என்றால் ஒலியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும் பரப்பு. ஒரே நீர்க்கட்டி ஒரு கருவியில் கருந்திட்டாகவும் இன்னொன்றில் வெண்திட்டாகவும் இருக்கும்; இரு அறிக்கைகளையும் கையில் வைத்திருப்பவர் இரண்டு நோய் என்று எண்ணிக்கொள்வார். கருவி எதை அளக்கிறதோ அதையே அடையாகச் சேர்ப்பது நல்லது: சி.டி.க்கு அடர்திட்டு, ஐதுதிட்டு (ஐது என்றால் அடர்த்தி குறைந்தது); அல்ட்ராசவுண்டுக்கு எதிரொலி மிகுந்த திட்டு, எதிரொலி குறைந்த திட்டு.

இரண்டாவது, தோல் மருத்துவத்தில் திட்டு என்ற சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. தொழுநோய்க் கண்டறிதல் முகாம்களில் உணர்ச்சியற்ற திட்டு என்று சொல்லியே பழகிவிட்டோம். இதற்கு நீங்கள் இடம் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிது. திட்டு தட்டையானது. நாங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளக்கிறோம். நுரையீரலில் 3 செ.மீ. வரை இருந்தால் ஒரு பெயர், அதைத் தாண்டினால் வேறு பெயர். பருமன் உள்ள பொருளுக்குப் பரப்பின் பெயரை வைக்கலாமா?

விபத்து நோயாளிகளிடத்தில் இச்சொல்லுக்கு வேலை குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மண்ணீரல் கிழிந்திருந்தால் கிழிசல் என்றே எழுதி, அதன் தரத்தையும் எண்ணால் குறிப்போம். எலும்பு முறிந்தால் முறிவு. உங்கள் வரப்பு ரோட்டுப் பெரியவர் விதிவிலக்கு. ஆனால் மறக்க முடியாத விதிவிலக்கு.

கடைசியாக ஒன்று. “கல்லீரல்ல திட்டு இருக்கு” என்றால் எங்கள் ஊர் ஆச்சி, “யார் திட்டினது?” என்று கேட்காமல் விடமாட்டார்.

---

அம்மையீர்,

வணக்கம். நிறத்தை விட்டுவிடுகிறேன், அது முப்பதாண்டுப் படப்பழக்கம் செய்த பிழை. அடர்திட்டு, ஐதுதிட்டு இரண்டும் இருக்கட்டும். விபத்து பற்றியும் நீங்கள் சொல்வதே சரி. காரணம் கண்முன் இருக்கும்போது தயங்கும் சொல் எதற்கு?

தோல் பற்றிய தடைக்கு உறுப்பின் பெயரையே முன்னொட்டாக்கிவிடலாம் என்று தோன்றுகிறது. மூளைத்திட்டு, கல்லீரல் திட்டு, நுரையீரல் திட்டு என்று எழுதினால் தோல் திட்டு தன் இடத்தில் இருந்துகொள்ளும். எப்படியும் அறிக்கையில் உறுப்பைச் சொல்லாமல் இச்சொல் தனியாக வருவதில்லை. ஆச்சியின் கேள்விக்கும் இதுவே விடை: கல்லீரலை யாரும் திட்டுவதில்லை.

தட்டை என்ற தடையை மூன்று நாள் யோசித்தேன். கொள்ளிடக் கரைக்காரர்கள் ஆற்றின் நடுவே எழும் மணல்மேட்டைத் திட்டு என்கிறார்கள். ஆற்றோடு கிடக்கும் ஊருக்கே முதலைமேடு திட்டு என்று பெயர் இருக்கிறது. அந்தத் திட்டு தட்டையானதன்று. வெளியே தெரிவது தண்ணீர் மட்டம் வெட்டிக் காட்டும் முகப்பு மட்டுமே. மட்டம் ஒரு முழம் இறங்கினால் திட்டு அகலமாகும். இன்னும் இறங்கினால் தனித்தனியாகத் தெரிந்த இரண்டு திட்டுகள் அடியில் ஒன்றாக இருந்தது தெரியவரும். சி.டி. கருவி செய்வதும் இதுவே. தலையை 5 மி.மீ. கனத்தில் அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு மட்டத்திலும் திட்டின் கரை எங்கே முடிகிறது என்று காட்டுகிறது; அந்தக் கரைகளை அடுக்கித்தானே நீங்கள் உயரத்தைக் கணக்கிடுகிறீர்கள்? மேட்டூரிலிருந்து விடும் நீர் ஏறி இறங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கப் படம்கூட வேண்டாம்.

ஆகவே நோயாளிகளுக்கான விளக்கத் தாளின் வரைவில் ‘திட்டு’ என்றே எழுதி, அதன் கீழே, “இது நோயின் பெயர் அன்று, படத்தில் வேறுபட்டுத் தெரியும் இடம்” என்று ஒரு வரி சேர்க்கிறேன். ‘வளையமிளிர் திட்டு’ என்பதில் வரும் ‘மிளிர்வு’ மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. மருந்து ஏற்றிய பின் ஓரிடம் ஒளிர்வதை நகைக்கடை விளம்பரம் போல் சொல்வது முறையாகப் படவில்லை. பெஞ்சில் இருப்பவர்கள் “மருந்து பிடிச்சிருக்கு” என்கிறார்கள். சாயம் பிடிப்பது போல் மருந்து பிடிப்பது. ‘மருந்துபிடிப்பு’ என்று எழுதலாமா, அல்லது மருந்து குணம் தந்துவிட்டது என்று படிப்பவர் மகிழ்ந்துவிடுவாரா? இதில் உங்கள் கருத்து தெரிந்த பிறகே தாளை அச்சுக்குக் கொடுப்பேன்.