நிறுவனத் தொடர்பியலில் முதுகலை: நெல்லையிலேயே படிப்பதா, வெளியே செல்வதா?

பேட்டைக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடித்துவிட்டு, இப்போது வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் விளம்பரப் பிரிவில் பணிபுரிகிறேன். இலவச முகாம்களுக்கான நோட்டீஸ், முகநூல், இன்ஸ்டாகிராம் பதிவுகள், நாளிதழ்களின் நெல்லைப் பதிப்புகளுக்கு அனுப்பும் செய்திக்குறிப்பு ஆகியவை என் பொறுப்பு. மாத இறுதியில், எந்தெந்த நாளிதழில் செய்தி வந்தது, அதே இடத்தில் விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு ரூபாய் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு, கத்தரித்த துண்டுகளை ஃபைலில் ஒட்டி நிர்வாகத்திடம் கொடுக்கிறேன்.

இந்த வேலையை முறையாகக் கற்க வேண்டும் என்பதற்காக உத்திசார் தொடர்பியல் (ஸ்ட்ராடஜிக் கம்யூனிகேஷன்), நிறுவனத் தொடர்பியல் (கார்ப்பரேட் கம்யூனிகேஷன்) ஆகியவற்றில் முதுகலைப் படிப்புகளைத் தேடி வருகிறேன். அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறையில் சேர்ந்தால் வீட்டிலிருந்தே போய் வரலாம். சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு தனியார் நிறுவனத்தில் சேரலாம். அல்லது கடன் வாங்கிக்கொண்டு பிரிட்டனில் ஓராண்டுப் படிப்புக்குச் செல்லலாம். இதற்கு எம்.பி.ஏ. படித்தால் போதாதா என்று அப்பா கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கொக்கிரகுளத்தான் எழுதியது:

தங்கச்சி, நான் சென்னையில் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் தொடர்புப் பிரிவில் இருக்கிறேன். உங்கள் அப்பாவின் கேள்வி நியாயமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். எம்.பி.ஏ.வில் சந்தைப்படுத்தலை எடுத்துப் படிப்பவர், பொருளை வாங்கப் போகிறவரைப் பற்றியே பெரும்பாலும் படிக்கிறார். ஆனால் ஒரு நிறுவனம் பேச வேண்டியவர்களில் வாடிக்கையாளர் ஒரு பகுதிதான்; தொழிலாளர், பங்கு வாங்கியவர், அரசு அதிகாரி, செய்தியாளர், ஆலைக்குப் பக்கத்து ஊரில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர் என்று மற்றவர்கள் ஏராளம். இவர்களில் பலர் நம்மிடம் எதையும் வாங்காதவர்கள், ஆனாலும் நம்மைத் தடுத்து நிறுத்தக் கூடியவர்கள். அவர்களோடு எப்படி உறவு வைத்துக்கொள்வது என்பதே இந்தப் படிப்பின் மையம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் வேலை போஸ்டர் அடிப்பதாகவும் பேட்டி ஏற்பாடு செய்வதாகவும் தெரிகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் நிலைமை வேறு. சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2024 ஜூன் 1 முதலும், முதல் 250 இடங்களில் உள்ளவை 2024 டிசம்பர் 1 முதலும், தங்களைப் பற்றி ஊடகத்தில் வரும் வதந்தியால் பங்கு விலை குறிப்பிடத்தக்க அளவு ஏறி இறங்கினால், 24 மணி நேரத்துக்குள் அதை உறுதிசெய்யவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. அந்த ஒரு பத்தியை எழுத நிறுவனச் செயலர், வழக்கறிஞர், நிதித்துறைத் தலைவர் ஆகியோரோடு உட்கார வேண்டியிருக்கும். சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிக் கட்டாய அறிக்கை தருகின்றன. அதைத் தொகுப்பதிலும் எங்களுக்குப் பங்கு உண்டு. ஆகவே ஆண்டறிக்கையைப் படிக்கவும் இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லித் தராத பாடத்திட்டத்தை, அதன் பெயர் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் ஃபைலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செய்தி வந்த இடத்தை விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி மதிப்பிடும் முறை, மக்கள் தொடர்பின் மதிப்பை அளப்பதாகாது என்று மக்கள் தொடர்புப் பணியை அளப்பதற்கான பன்னாட்டு நெறிகளாக 2010-இல் வெளியான பார்சிலோனா கோட்பாடுகளே சொல்லிவிட்டன. இருந்தும் நாடு முழுக்க நிர்வாகிகள் அந்தத் தொகையைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், நாமும் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம். முகாம் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள், வராதவர்கள் ஏன் வரவில்லை என்று ஒரு சிறு கேள்வித்தாள் வைத்து நீங்கள் கேட்கத் தொடங்கினால், முதுகலையில் சொல்லித்தரும் ஆய்வு முறையின் பாதியை இப்போதே பழகியவர் ஆவீர்கள்.

வெளியே போவதென்றால், டெல்லியில் 1965-இல் தொடங்கப்பட்டு 2024-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தையும், அகமதாபாத்தில் விளம்பரம், தொடர்பியல் போன்றவற்றைக் கற்பிக்கும் மைக்கா நிறுவனத்தையும் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றைப் பாருங்கள். இரண்டாவதில் கட்டணம் அதிகம்.

பாளை ஆசிரியர் எழுதியது:

நான் தொடர்பியல் கற்பிப்பவன். அண்ணாச்சி கொக்கிரகுளத்தான் வேலையின் பக்கத்திலிருந்து சொன்னதை, பாடத்தின் பக்கத்திலிருந்து சற்றே நீட்டுகிறேன்.

இத்துறையில் எங்கு படித்தாலும் முதல் பருவத்திலேயே க்ரூனிக், ஹன்ட் என்ற அறிஞர்கள் இருவரும் 1984-இல் வகுத்த மக்கள் தொடர்பின் நான்கு மாதிரிகளைப் படிப்பீர்கள். பரபரப்புக்காகப் பேசுவது, தகவல் தருவது, கேட்டறிந்து அதை வைத்து நம் பக்கம் இழுப்பது, கேட்டறிந்து நாமும் மாறுவது என்பவை அவை. தேர்வுக்கு இவற்றை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் நான்காவது மாதிரி ஏன் அரிதாகவே நடக்கிறது என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. கூடங்குளம் அணுமின் திட்டத்துக்கான இந்திய-சோவியத் ஒப்பந்தம் 1988-இல் கையெழுத்தானது. கட்டுமானம் 2002-இல் தொடங்கியது. 2011-இல் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்து, அதன்பின் கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் மக்கள் உண்ணாவிரதம் இருந்த பிறகுதான், ஊராரின் அச்சங்களுக்குப் பதில் சொல்ல மத்திய அரசு 15 பேர் கொண்ட நிபுணர் குழுவை அமைத்தது. அந்தக் குழு சொன்னது அறிவியல்படி சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. உலைக்கட்டடம் எழும்பி நின்ற பிறகு தரப்படும் விளக்கம், கேட்பவர் காதில் விளக்கமாக விழுவதில்லை. முடிவு எடுக்கப்படும் மேசையில் தொடர்பியலாளர் உட்கார்ந்திருக்க வேண்டும், முடிவான பின் அறிக்கை எழுத மட்டும் அவரை அழைக்கக் கூடாது என்று இத்துறை திரும்பத் திரும்பச் சொல்வதன் பொருள் இதுதான். உங்கள் மருத்துவமனையிலும் கட்டண உயர்வைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு உங்களை அழைக்கிறார்களா, தீர்மானித்துவிட்டுப் பலகை எழுதச் சொல்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

நெருக்கடிக் காலத் தொடர்பு என்பது மற்றொரு முக்கியத் தாள். அத்துறை ஆய்வாளர் திமோத்தி கூம்ப்ஸின் கோட்பாடு, நடந்ததற்கு மக்கள் நம்மை எவ்வளவு பொறுப்பாக்குவார்கள் என்பதைப் பொறுத்து நம் பதில் அமைய வேண்டும் என்கிறது. வெள்ளத்தால் மின்சாரம் போய் மருத்துவமனை தவித்தால், நிறுவனமும் பாதிக்கப்பட்ட தரப்பே. வாங்கிய கருவி எதிர்பாராமல் பழுதானால், அது விபத்து. காலாவதியான மருந்தைக் கொடுத்திருந்தால், தடுத்திருக்கக் கூடிய தவறு. அங்கே விளக்கம் செல்லாது, மன்னிப்பும் ஈடும் வேண்டும். எந்த நிலையானாலும், மக்கள் தங்களைக் காத்துக்கொள்ளத் தேவையான தகவலை முதலில் தந்துவிட வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்துகிறார். நம் நிறுவனங்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

ஆகையால் நெல்லையிலேயே படிப்பதை இரண்டாம் தரமாக நினைக்க வேண்டாம். பேட்டையிலிருந்து தென்காசிச் சாலையில் பேருந்து ஏறினால் பல்கலைக்கழக வாசலில் இறங்கலாம். பொதுவான தொடர்பியல் படிப்பில் நிதி அறிக்கை, முதலீட்டாளர் உறவு போன்றவை குறைவாகவே இருக்கும் என்பது உண்மை. அதை நீங்களாகப் படித்து நிரப்ப வேண்டியிருக்கும். ஆனால் ஆய்வேட்டுக்கான களம் இங்கே கொட்டிக் கிடக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. அணைகளிலிருந்து திறக்கப்பட்ட நீரைப் பற்றிய எச்சரிக்கை, தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு எந்த வழியாக, எந்த மொழிநடையில், எத்தனை மணிக்குச் சென்றது, தண்டோராவா, வாட்ஸ்அப்பா, ஊராட்சித் தலைவரின் தொலைபேசியா, எதை நம்பி மக்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதப்படும் ஓர் ஆய்வேட்டை, எந்த நிறுவனத்தின் நேர்காணலிலும் துணிந்து மேசைமேல் வைக்கலாம்.

இடையில் ஒன்று. இது நம் மண்ணுக்குப் புதிய தொழிலும் அல்ல. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள் என்று 10 லட்ச ரூபாய் மூலதனத்துக்கு ஊர் ஊராகப் பேசியபோது, இன்று முதலீட்டாளர் தொடர்பு என்று நாம் நடத்தும் பாடத்தைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற வங்கியாளர் எழுதியது:

படிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது. கடனைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மகளே. மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையும் மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லாமல் கல்விக்கடன் பெறலாம். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். மத்திய அரசின் மற்றொரு கல்விக்கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமியின் பட்டியலில் உள்ள இந்திய நிறுவனத்தில் இடம் கிடைத்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரையிலான காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு இந்தச் சலுகை இல்லை.

பிரிட்டனில் ஓராண்டுக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் 7.5 லட்சம் எந்த மூலைக்கும் போதாது. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க நேரும். படிக்கும் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். படிப்புக்குப் பின் அங்கே தங்கி வேலை தேட இதுவரை தரப்பட்ட 2 ஆண்டுகளும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. கணினித் துறைப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதுபோல் இந்தத் துறையில் அங்கே வேலை கிடைக்குமா என்பதைத் துறைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

கொக்கிரகுளத்தான் எழுதியது:

ஐயா கேட்டதற்குப் பதில்: எளிதில் கிடைக்காது. நிரல் எழுதுபவர் எந்த நாட்டிலும் அதே நிரலை எழுதலாம். தொடர்புப் பணி அந்த நாட்டு நாளிதழ், அந்த ஊர்ப் பேச்சு, அங்குள்ள செய்தியாளரின் அறிமுகம் ஆகியவற்றோடு பின்னிக் கிடக்கிறது. பிரிட்டனில் படித்துத் திரும்பிய நண்பர்கள் பயனில்லாமல் போகவில்லை, பன்னாட்டு நிறுவனங்களின் சென்னை, பெங்களூர் அலுவலகங்களில் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் வீட்டை அடமானம் வைத்துப் போவதற்கான காரணமாக அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இங்கே ஒரு குறை உண்டு: ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே தரத்தில் எழுதக் கூடியவர் கிடைப்பதில்லை. ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கி அனுப்பும்போது அது பத்திரிகை மேசையிலேயே குப்பைக்குப் போகிறது. இரண்டையும் தனித்தனியாக எழுதத் தெரிந்தவருக்கு எங்கள் பிரிவில் எப்போதும் இடம் உண்டு.

பேட்டைக்காரி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அப்பாவும் முழுவதையும் படித்தார். வங்கி ஐயா எழுதியதை மட்டும் இரண்டு முறை படித்தார். பிரிட்டன் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டேன். அபிஷேகப்பட்டியா, சென்னையா என்பதுதான் இனி மீதி. ஊடகப் பட்டம் இல்லாமல் ஆங்கில இலக்கியம் மட்டும் படித்தவர் சேர முடியுமா? கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு துறையின் தரத்தை எப்படிச் சோதிப்பது?

பாளை ஆசிரியர் எழுதியது:

பொதுவாகத் தொடர்பியல் முதுகலைக்கு எந்த இளங்கலைப் பட்டமும் ஏற்கப்படுகிறது, ஆனாலும் அந்தந்த ஆண்டு அறிவிக்கையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தரத்தைச் சோதிக்க, சேர்க்கைக் கையேட்டை விட்டுவிட்டு நேரில் துறைக்குச் சென்று, கடந்த ஓரிரு ஆண்டு மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளைக் காட்டச் சொல்லுங்கள். தலைப்புகள் எல்லாம் ஒன்றுபோல் சமூக ஊடகத்தின் தாக்கம் என்றே இருந்தால், அங்கே யாரும் மாணவரைக் களத்துக்கு அனுப்பவில்லை என்று புரிந்துகொள்ளலாம். இன்டர்ன்ஷிப் எங்கே என்று மட்டும் கேட்காமல், அங்கே மாணவர் என்ன எழுதினார், அதை யார் திருத்தினார் என்றும் கேளுங்கள். இறுதியாண்டு மாணவர் ஒருவரைத் தேநீர்க் கடையில் பிடித்து இதே கேள்விகளைக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரக் கூடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கட்டணத்தைக் கட்டுங்கள். அபிஷேகப்பட்டிக்கு ஒரு வேலை நாளில் முற்பகலில் சென்றால், ஆசிரியர்களையும் மாணவர்களையும் ஒருசேரப் பார்த்துவிடலாம்.