புதுப்பிப்பு: திரும்பத் திரும்ப ஃபியூஸ் போன பவர் சப்ளை போர்டு

புது ஃபியூஸ் போட்டு சுவிட்சைத் தட்டியதுமே போய்விடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது போர்டு ஓடுகிறது.

போன ஃபியூஸின் கண்ணாடி உள்ளே முழுக்கக் கறுத்திருந்தது. கம்பி நடுவில் மட்டும் அறுந்திருந்தால் சின்ன ஓவர்லோடு எனலாம். இப்படிக் கறுத்தால் பெரும்பாலும் நேரடி ஷார்ட். அதனால் கூடுதல் ஆம்பியர் ஃபியூஸ் போடும் யோசனையைத் தொடவே இல்லை. அது ஃபியூஸைக் காப்பாற்றி போர்டை எரிக்கும்.

பெரிய கெபாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் மீட்டரை வைத்தேன். 230 வோல்ட் ஏசியில் அதில் 325 வோல்ட் வரை நிற்கும், விளையாட்டில்லை. ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் நன்றாக இருந்தது. மின்சாரத்தை வேகமாக விட்டு நிறுத்தும் சுவிட்சான மாஸ்ஃபெட்டின் மூன்று கால்களும் ஒன்றோடொன்று ஷார்ட். அந்த வழியாகப் போன மின்சாரம் அதன் கேட் காலில் உள்ள ரெசிஸ்டரையும் அதை இயக்கும் கன்ட்ரோல் ஐசியையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது. மூன்றையும் ஒன்றாக மாற்றினேன். மாஸ்ஃபெட்டை மட்டும் மாற்றினால் புதியதும் போகும். மாஸ்ஃபெட்டை வோல்டேஜ் பாய்ச்சலிலிருந்து காக்கும் ஸ்னப்பர் டயோடும் ஓப்பன், அதாவது உள்ளே அறுந்திருந்தது. மூல காரணம் அதுதான் போலிருக்கிறது.

அப்புறம் ஃபியூஸ் இடத்தில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்தேன். ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கியது. சரி, ஷார்ட் இல்லை; இருந்திருந்தால் பளிச்சென்றே எரிந்துகொண்டிருக்கும். அதன் பிறகே பழைய அளவிலேயே ஃபியூஸ்: டி 3.15 ஆம்பியர், 250 வோல்ட். 'டி' என்றால் ஸ்லோ புளோ. கெபாசிட்டர் முதலில் சார்ஜ் ஆகும்போது வரும் பாய்ச்சலை அது தாங்கும்.

அவுட்புட்டில் 12 வோல்ட் சரியாக வருகிறது. லோடு கொடுத்தால் லேசான கீச் சத்தம். செகண்டரி (அவுட்புட் பக்க) கெபாசிட்டர்களின் ஈஎஸ்ஆர், அதாவது உள் மின்தடை, பார்க்க வேண்டும்.