களனி கங்கையில் கித்துல்கல ராப்டிங் (வேகமாக ஓடும் ஆற்றில் ரப்பர் படகுப் பயணம்) போனவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கோண்டாவிலான்:
மாசியில் வேலையிடத்துப் பெடியளோடு போனோம். மிதவை ஜக்கெட், ஹெல்மெட், துடுப்பு எல்லாம் தந்தார்கள், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். படகு பாறையில் ஏறிச் சரிய, முன்னால் இருந்த சிநேகிதன் விழுந்துவிட்டான். தலைக்கு முதல் ஜக்கெட்தான் மேலே வந்தது. தோள்பட்டி காதுவரை ஏறி, முகம் அதற்குள் புதைந்து, மூச்சு எடுக்க ஏலாமல் திணறினான். கைட் தோள்பட்டியில் பிடித்துத் தூக்கிப் போட்டார். பக்க வார்களை இறுக்கச் சொல்லிக் கரையில் ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நல்லூர்த் தங்கச்சி:
எங்களுக்கு ஒரு துளி மழை இல்லை, நல்ல வெயில். கல்லில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். திரும்பிப் பார்த்தால் செருப்பைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கல்லையே காணவில்லை. நடு ஆற்றுப் பாறையில் படம் எடுத்துக்கொண்டு நின்ற பெடியளைப் படகு போய்த்தான் ஏற்றி வந்தது. "மேலே கரண்டுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்" என்று கடைக்கார அம்மா சாதாரணமாகச் சொன்னா.

வல்வெட்டித்துறை:
தங்கச்சி, அது மழைத் தண்ணீராகத்தான் இருக்கும். உங்களுக்கு வெயில் என்றாலும் மேலே மலையில் பெய்திருக்கும். நான் கடலில் வளர்ந்தவன், நீச்சல் தெரிந்தால் ஆற்றுக்குப் பயப்படத் தேவையில்லை. ஒன்று மட்டும் புதிதாக இருந்தது. வெள்ளை நுரைக்குள் விழுந்தபோது கை வீசினால் பிடிப்பே இல்லை, பஞ்சுக்குள் நீந்துவது போல. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்ப்பக்கம் திரும்புகிற இடத்துக்கு வந்த பிறகுதான் ஆறுதலாக மூச்சு விட்டேன்.

மானிப்பாய் ஐயா:
தம்பி வல்வெட்டித்துறை, தங்கச்சி சொன்னதுதான் சரி. மவுசாக்கலை, காசல்ரீ என்று மேலே வரிசையாக நீர்த்தேக்கங்கள். அந்தத் தண்ணீர் லக்சபானா, பொல்பிட்டிய மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டுத்தான் களனி கங்கைக்கு வருகிறது. இப்போது 35 மெகாவாட் பிராட்லண்ட்ஸ் அணையும் இருக்கிறது. எந்திரம் ஓடத் தொடங்கினால் வெயிலிலும் ஆறு ஏறும். மழையும் உண்மைதான். தென்மேற்குப் பருவமழை வைகாசி தொடங்கி நாலைந்து மாதம் அங்கே கொட்டும், அந்த நாட்களில் தண்ணீர் கலங்கி ஓடினால் பணம் கட்டியிருந்தாலும் இறங்காதீர்கள்.

நான் கண்டது சின்ன விடயம். எங்கள் படகில் விழுந்த பிள்ளை எழும்பி நிற்கப் பார்த்தாள், கைட் தொண்டை கிழியக் கத்தினார். கசூரினாக் கடற்கரையில் நெஞ்சளவு தண்ணீரில் நின்று பழகிய கால் ஊன்றத்தான் பார்க்கும். ஆற்றில் பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் பின்னால் வரும் தண்ணீர் ஆளை முன்னுக்குக் கவிழ்த்து அமுக்கும். முழங்காலளவு ஆழமே போதும், நீச்சல் வீரனுக்கும் அதே கதிதான். மல்லாந்து கிடந்து, கால்களைத் தண்ணீர் ஓடிப் போகும் பக்கம் நீட்டி, பாதத்தை மேலே வைத்திருங்கள். கயிறு எறிந்தால் நெஞ்சோடு பிடியுங்கள், கையில் சுற்றாதீர்கள். படகுக்கு அடியில் போய்விட்டால் கைகளால் படகின் அடியைத் தள்ளித் தள்ளி ஒரே பக்கமாகப் போங்கள், வெளியே வந்துவிடலாம். விழுந்து கிடக்கும் மரத்துக்குக் கிட்டப் போகவே வேண்டாம், தண்ணீர் கொப்புகளுக்குள்ளால் போய்விடும், ஆள் போகமாட்டார்.

வல்வெட்டித்துறை:
ஐயா, அணை விடயம் விளங்கியது. ஆனால் நீச்சலே தெரியாத ஆட்களை ஏற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விழுந்த உடனே பதறிப் பக்கத்தில் இருப்பவரையும் இழுப்பார்கள்.

கோண்டாவிலான்:
என் சிநேகிதன் கீரிமலைக் கேணியில் நீந்திப் பழகியவன், அண்ணை. ஜக்கெட் தளர்வாக இருந்தது, அவ்வளவுதான். வாரை இறுக்கியதும் வேறொருவரைக் கொண்டு தோள்பட்டியில் தூக்கிப் பாருங்கள், நாடிக்கு மேலே வந்தால் வேறு அளவு கேளுங்கள்.