எடின்பரோ பழைய பப்: அப்படி என்ன இருக்கிறது அங்கே?

மழைத்துளி:
ஸ்காட்லாந்தின் எடின்பரோ போகிறவர்கள் கோட்டை, ராயல் மைல் என்ற பழைய தெரு இரண்டையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு பழைய பப்பில், அதாவது மதுக்கூடத்தில், ஒரு மணி நேரமாவது உட்காராமல் வந்தால் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்பேன். டோல்கிராஸ் பகுதியில் கிங்ஸ் தியேட்டருக்குப் பக்கத்தில் பென்னட்ஸ் பார் இருக்கிறது. வண்ணக் கண்ணாடி ஜன்னல், பெரிய பெரிய கண்ணாடிகள், கவுண்டருக்குப் பின்னால் விஸ்கி பாட்டில்கள் அடுக்கிய செதுக்கு வேலை மர அலமாரி. அதை அங்கே கேன்ட்ரி என்பார்கள். கவுண்டரில் வரிசை நிற்காது. ஆனாலும் யார் முதலில் வந்தார் என்பது பரிமாறுகிறவருக்குத் தெரியும், நமக்கும் தெரியும். முந்திக்கொண்டு கை நீட்டினால் பக்கத்தில் நிற்பவரே "இவர்தான் முதலில்" என்று சுட்டிக்காட்டுவார். இந்த மரியாதைக்காகவே நான் போவேன்.

வைகைக்கரை:
மர வேலைப்பாடு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குடி குடிதானே? ஸ்காட்லாந்து அரசே 2018 மே மாதம் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தது: ஒரு யூனிட்டுக்கு (10 மில்லி சுத்த ஆல்கஹால்) 50 பென்ஸ். 2024 செப்டம்பர் கடைசியில் அதை 65 ஆக்கினார்கள். குடியால் அவ்வளவு அவதிப்பட்ட நாடு. அங்கே போய் குடிக்கிற இடத்தைக் கொண்டாடுவது எனக்கு உறுத்துகிறது.

மழைத்துளி:
அந்தச் சட்டம் யாரைக் குறிவைத்தது என்று பாருங்கள். பப்பில் விலை எப்போதோ அதைத் தாண்டிவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் அடிமாட்டு விலைக்கு விற்ற சைடரும் (ஆப்பிள் மது) வோட்காவும்தான் இலக்கு. வீட்டில் தனியாகப் பாட்டிலோடு உட்கார்வதைவிட நாலு பேர் பார்க்கிற இடம் மேல். அப்புறம், குடித்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. சோடாவும் லைமும் கேளுங்கள், முகம் சுளிக்காமல் தருவார்கள்.

தேன்மொழி:
மரியாதை என்கிறீர்களே, அது யாருக்குக் கிடைத்தது? ஸ்காட்லாந்தின் இன்னொரு ஊரான அபர்டீனில், யூனியன் தெருவில் 'தி கிரில்' என்று ஒரு பழைய பப். பெண்களை உள்ளே விடாத இடம். 1973இல் தொழிற்சங்க மாநாட்டுக்கு வந்த பெண்கள் கூட்டமாக உள்ளே நுழைந்து போராடினார்கள். பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 1975இல் வந்த பிறகுதான் கதவு திறந்தது. பெண்களுக்குக் கழிப்பறை கட்ட 1998 வரை ஆனது! பழமையின் அழகைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

மழைத்துளி:
நியாயமான பேச்சு. மாற வேண்டியது மாறியது, நல்லதே. 2006 மார்ச்சில் உள்ளே புகைபிடிப்பதைத் தடை செய்தபோதும் பப் அழியும் என்றுதான் பயமுறுத்தினார்கள். புகை போனது, மரமும் கண்ணாடியும் அப்படியே நிற்கின்றன.

வைகைக்கரை:
அப்படியானால் அருங்காட்சியகமாக ஆக்கிவிடுங்கள். அழகும் மிஞ்சும், குடியும் இருக்காது.

தேன்மொழி:
இதில் நான் மழைத்துளி பக்கம். எடின்பரோ ஃபாரஸ்ட் சாலையில் இருக்கும் சாண்டி பெல்ஸ் என்ற பப்புக்குப் போயிருக்கிறேன். மேடை கிடையாது. ஃபிடில் (வயலின்) வாசிப்பவர்கள் மூலையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஒருவர் மெட்டை எடுத்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்கிறார்கள். நடுவில் யாராவது உள்ளே வந்தால் வாத்தியப் பெட்டியை நகர்த்தி இடம் தருகிறார்கள். இதை எந்தக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பீர்கள்?

வைகைக்கரை:
அந்த இசை ஒரு தேநீர்க் கடையிலும் நடக்கலாமே.

மழைத்துளி:
நடக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் எடின்பரோவின் இன்னொரு பழைய பப்பான கேஃபே ராயலை நினைத்துப் பாருங்கள். ஜேம்ஸ் வாட்டும் ஃபாரடேயும் இருக்கும் டௌல்டன் நிறுவனத்துப் பீங்கான் ஓடுகளில் தீட்டிய ஓவியங்கள் அங்கேதான் இருக்கின்றன. 1960களின் கடைசியில் பக்கத்துக் கடையை விரிவாக்க அந்த இடத்தையே எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். தினமும் அங்கே போய் உட்கார்ந்து பழகிய ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்றார்கள், கட்டடம் தப்பியது. பூட்டி வைத்திருந்த இடமென்றால் இத்தனை பேர் வந்திருப்பார்களா?